அஞ்சலைக்கு ஒரு பி.பி. கால்

தொலைபேசி ஊழியர் சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் இப்போது துறையில் இருப்பவர்கள்; கணினி முன்னால் உட்கார்ந்து கேபிள் புகார் பதிகிறவர்கள். தலைப்பையும் அவர்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்: ‘அமைதிக்கும் சமூக நீதிக்கும் சாதாரண மக்கள் என்ன செய்யலாம்?’ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஊர்வலமும் போனதில்ல, மேடையும் ஏறினதில்ல, ஷிப்ட் டூட்டிக்காரிகிட்ட வந்து கேக்கறீங்களே” என்றேன். “நீங்க பண்ணதை எழுதுங்க மேடம், அது போதும்” என்றார்கள். நான் பண்ணதில் ஒன்று சரி, ஒன்று தப்பு. தப்பைத்தான் முதலில் பண்ணினேன். இரண்டையும் எழுதுகிறேன், போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் பிறந்தது எலவனாசூர்கோட்டை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தொலைபேசித் துறையில் ஆபரேட்டர் வேலை கிடைத்து, பயிற்சி முடித்து, கள்ளக்குறிச்சி எக்ஸ்சேஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க “நம்பர் ப்ளீஸ்” சொன்னோம், அவ்வளவுதான்.

இப்போதைய பிள்ளைகளுக்குப் போர்டு எப்படியிருக்கும் என்று தெரியாது. ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. அதில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு துளை, துளைக்கு மேலே சின்னத் தகடு ஒன்று. அவர்கள் வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே தகடு ‘டக்’கென்று கீழே விழும். முனையில் பித்தளை ஊசி வைத்த ஒயர் ஒன்றை, கார்டு என்போம், எடுத்து அந்தத் துளையில் செருகி யார் வேண்டும் என்று கேட்பேன். ஜோடிக் கார்டை அடுத்தவர் துளையில் செருகி மணியடிப்பேன். அவர்கள் பேச ஆரம்பித்ததும் என் சாவியை மேலே தள்ளிவிட வேண்டும். தள்ளிவிட்டால் எனக்குக் கேட்காது. தள்ளாவிட்டால் கேட்கும். எங்கள் வேலையின் ஒழுக்கம் எல்லாம் அந்தச் சாவியில்தான் இருந்தது.

வெளியூருக்கு என்றால் டிரங்க் கால். டிக்கெட் எழுதி, வரிசையில் வைத்து, லைன் கிடைத்ததும் கூப்பிட்டுத் தருவோம். அதில் பி.பி. கால் என்று ஒன்று உண்டு, பர்ட்டிகுலர் பர்சன் கால். இன்னாரோடுதான் பேச வேண்டும் என்று பெயர் சொல்லிப் பதிவது. அந்த ஆள் நேரில் வந்து, “நான்தான்” என்று சொல்கிற வரைக்கும் ஆபரேட்டர் லைனைத் தரக் கூடாது. ஆள் கழனியில் இருந்தாலும் போய்க் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

எங்கள் சூப்பர்வைசர் சுகுணா அம்மா. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கொண்டையில் ஒரு பென்சிலும் கையில் ஒரு சிவப்புப் பேனாவும் இருக்கும். எதைச் சொன்னாலும், “டிக்கெட் எங்கே?” என்றுதான் கேட்பார். டிக்கெட் இல்லாத விஷயம் அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. ஒருநாள் ஒரு சாவுச் செய்தியைச் சொல்ல வந்தவர் குரல் உடைந்து அழுதபோது, நான் லைனில், “அழாதீங்க அண்ணே” என்று சொல்லிவிட்டேன். சுகுணா அம்மா பக்கத்தில் வந்து நின்றார். “தேவகி, நீ ஆறுதல் சொன்னா நல்லாத்தான் இருக்கும். நாளைக்கு புத்தி சொல்லுவ. அதுக்கு அடுத்த நாள் சேதி சொல்லுவ. வேணாம்” என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போய்விட்டார். கல் நெஞ்சுக்காரி என்று நான் அன்று வீட்டில் திட்டினேன்.

கல்வராயன் மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள். காட்டு நிலத்து வழக்குகள் அப்போது கடலூர் கோர்ட்டில் நடந்தன. வாய்தா என்றைக்கு என்று வக்கீலைக் கேட்க எங்கள் வாசலில் இருந்த பொதுத் தொலைபேசிக்கு வருவார்கள். மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடம் வக்கீல் வீட்டில் எல்லாரையும் நலம் விசாரிப்பதிலேயே போய்விடும். அப்புறம் கேள்வியைக் கேட்கும்போது லைன் கட்டாகும். மறுபடி அடுத்த வாரம் மலையிறங்க வேண்டும். நான் டிபன் நேரத்தில் வெளியே போய், அவர்கள் கேட்க வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதித் தருவேன். படிக்கத் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்து ஒருமுறை ஒப்பிக்கச் சொல்வேன். “மொதல்ல வாய்தா கேளுங்க, அப்புறம் பேரப்புள்ளய விசாரிங்க” என்பேன். இது சமூக நீதியா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கு ஒரு நடை மிச்சமானது.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன்.

இடஒதுக்கீடு கேட்டு மாவட்டம் முழுக்கச் சாலை மறியல் நடந்த வாரம் அது. கோரிக்கை எங்கள் ஜனங்களுடையது. நியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். என் தம்பியும் மறியலுக்குப் போயிருந்தான். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். “மரம் இன்னாடா பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டேன். “மரம் வுழுந்தாத்தான்க்கா மெட்ராஸ்ல காது கேக்கும்” என்றான். பஸ் இல்லை, பால் வரவில்லை, பல இடங்களில் எங்கள் கம்பியும் அறுந்து கிடந்தது. சில ஊர்களில் கோபம் அரசாங்கத்தை விட்டுவிட்டுப் பக்கத்துக் காலனி மேல் திரும்பியது. இட ஒதுக்கீட்டுக்கும் காலனிக் கூரைக்கும் என்ன சம்பந்தம்? எங்கேயோ வாங்கிய அடியை எளியவன் மேல் இறக்குவது, வேறென்ன.

எங்கள் லைன்மேன் ஏழுமலையின் வீடு மலையடிவாரத்தில் ஒரு ஊரின் காலனியில் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். இன்றைக்கு அங்கே இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் ஏறிப் படிக்கப் போகிறார்கள். ஏழுமலைக்கு மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். பக்கத்து வீட்டில் அண்ணன் காத்தவராயன், மாட்டுவண்டி வைத்திருந்தவர். அந்த வாரம் ஏழுமலை வீட்டுக்குப் போக முடியாமல் எக்ஸ்சேஞ்சிலேயே தங்கிக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பகல் பதினொரு மணி இருக்கும். ஏழுமலை உள்ளே வந்து, “மேடம், எங்க அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்துகீறாரு” என்றார். நடந்தது இதுதான். அவர்கள் ஊர்த்தெருவைச் சேர்ந்த செல்வம் என்கிற பத்தொன்பது வயதுப் பையன் விடியற்காலையில் ஏரிக்கரைச் சாலையில் மரம் வெட்டியிருக்கிறான். கிளை மேல் நின்று வெட்டியதில் கிளையோடு கீழே வந்துவிட்டான். மண்டை பிளந்து, தொடை எலும்பு முறிந்து கிடந்தான். கூட வெட்டிய இரண்டு பேரும் போலீஸ் வருகிறது என்று எதிர்த் திசையில் ஓடிவிட்டார்கள், அன்று முழுக்க ஊர் திரும்பவில்லை. வண்டி ஓட்டி வந்த காத்தவராயன்தான் பார்த்திருக்கிறார். பையனை வண்டியில் கிடத்தி, வெயில் படாமல் கோணியால் மூடி, சாலை அடைத்திருந்ததால் கழனி வழியாகவே கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட்டார்.

“பையன் பொழச்சிக்கினான் மேடம். தையல் போட்டுட்டாங்களாம், பேசறானாம்” என்றார் ஏழுமலை. அவர் முகத்தில் ஒரு பெருமை. வெளியே போய் மரத்தடியில் கம்பிச் சுருளைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அந்த ஊரில் ஒரே ஒரு தொலைபேசி, ரைஸ்மில்லில். பத்து நிமிடம் கழித்து மில்லின் தகடு விழுந்தது. மில்காரர் வெளியூர்களுக்கு ஆறு கால் பதிந்தார், எல்லாம் அர்ஜென்ட். முதல் கால் உடனே கிடைத்தது. போட்டுக் கொடுத்துவிட்டுச் சாவியைத் தள்ளினேன். மூன்று நிமிடம் முடிந்ததும், முடிந்தது என்று சொல்லச் சாவியை இறக்கினேன். அப்போது காதில் விழுந்தது இது: “காலனிக்காரனுங்க நம்ம செல்வத்தை அடிச்சிக் கொன்னுட்டானுங்கப்பா. வண்டில போட்டுக் கோணியால மூடி எடுத்துக்கினு போனதைக் கழனில இருந்த ரெண்டு பேரு கண்ணால பாத்துருக்கானுங்க. ஏரிக்கரைல ஒரே ரத்தம். ஆளுங்கள ஏத்திக்கினு வா. பொழுது சாயறதுக்குள்ள அங்க ஒரு கூரை இருக்கக் கூடாது.”

மரத்தைப் போட்டவர்களுக்கு மரத்தை நகர்த்தத் தெரியாதா, லாரி வந்துவிடும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஏழுமலை கம்பிச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னால் அந்த நிமிடமே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். வழியில் அகப்பட்டால் அவரும் தீர்ந்தார். காவல் நிலையத்துக்குப் போன் போட்டேன். எழுத்தர் ஒருவர்தான் இருந்தார். எல்லாரும் நெடுஞ்சாலை மறியலில் இருப்பதாகவும், தகவல் அனுப்புவதாகவும், சாலையெல்லாம் மரம் கிடப்பதால் மாலை ஆகிவிடும் என்றும் சொன்னார்.

அடுத்துத்தான் தப்புப் பண்ணினேன். மில்காரரை அழைத்து, “ஐயா, அந்தப் பையன் சாவல. ஆஸ்பத்திரில நல்லாக்கீறான். அவங்கதான் காப்பாத்திக் கொண்டாந்தாங்க” என்று நானே சொன்னேன்.

மில்காரர் கேட்டார்: “நீ யாரும்மா? எங்க போனை ஒட்டுக்கேட்டுக்கினுகீறியா?”

“இல்லீங்க, எங்க லைன்மேன் சொன்னாரு...”

“ஏழுமலையா? அவன் அண்ணன் வண்டிதான அது! ஓகோ, கொன்னுட்டு டவுன்ல உக்காந்துகினு கதை வேற கட்டறானுங்களா? நல்ல வேள, சொன்ன. மொதல்ல எந்த வூடுன்னு தெரிஞ்சிபோச்சி.” வைத்துவிட்டார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மொத்தக் காலனிக்கும் ஆபத்து. திறந்ததால், அதில் முதல் வீடு எது என்றும் காட்டிக் கொடுத்தேன். அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள். ஆறுதல், புத்தி, சேதி என்று சுகுணா அம்மா சொன்னது அப்போதுதான் புரிந்தது. நான் யார் சொல்வதற்கு? கொதித்து நிற்கிறவர்கள் என் பேச்சை ஏன் நம்ப வேண்டும்? பையனுடைய குரல்தான் வேண்டும், அதுவும் பெற்றவள் காதில் விழ வேண்டும். என் கையில் இருந்தது இரண்டு கார்டு. அதற்குத்தானே எனக்கு வேலை?

ஆஸ்பத்திரிக்குப் போட்டு டூட்டி நர்ஸைப் பிடித்தேன். “சிஸ்டர், செல்வம்னு கால் ஒடஞ்ச பையன். அவன் இப்ப போன்ல பேசணும்.”

“கட்டு போடப் போறோம்மா, அசைக்கக் கூடாது. போன் இந்தச் சுவத்துல இருக்குது, கட்டிலுக்குச் சக்கரம் கூட கெடையாது.”

“சிஸ்டர், அவன் பேசலன்னா ஒரு காலனி போயிடும்.”

அந்த நர்ஸம்மா யாரென்று எனக்குத் தெரியாது, முகம் பார்த்ததில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. “அஞ்சு நிமிஷம் குடு” என்றார். பையனைக் கட்டிலோடு தூக்கினார்களாம். தலைமாட்டை வார்டு ஊழியரும் கால்மாட்டைக் காத்தவராயனும் பிடித்தார்கள்.

டிக்கெட் எழுதினேன். பேசுபவர் செல்வம், ஆஸ்பத்திரி நம்பர். கேட்கும் ஆள், செல்வத்தின் தாயார். பெயர்? ஏழுமலையை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். “செல்வத்தோட அம்மா பேரு இன்னாங்க?”

“அஞ்சலைங்க. ஏன் மேடம்?”

“சும்மாத்தான். டிக்கெட்டுக்கு.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். கம்பிச் சுருளைக் கீழே வைத்துவிட்டார். அப்படியே ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

டிக்கெட்டில் பி.பி. என்று போட்டேன். உள்ளூர்க் காலுக்குப் பி.பி. கிடையவே கிடையாது. அப்படி ஒரு டிக்கெட்டை எங்கள் எக்ஸ்சேஞ்சில் யாரும் எழுதியதில்லை. மில்லுக்கு மணியடித்தேன். “பி.பி. கால். அஞ்சலைங்கறவங்க வரணும். அவங்க வந்தாத்தான் லைன் குடுப்பேன்.”

“எவன் கூப்புடறான்?”

“சொல்லக் கூடாதுங்க. அவங்க வரட்டும்.”

“அந்தப் பொம்பள மாரடிச்சிக்கினுகீறா, நீ வேற. என் டிரங்க் கால் இன்னா ஆச்சி?”

“லைன்ல பி.பி. கால் இருக்குது. இது முடிஞ்சாத்தான் அது.”

அந்த நேரம் பார்த்துத் திருக்கோவிலூர் ஆபரேட்டர் கூப்பிட்டு, மில்காரர் கேட்ட நம்பர் தயார் என்றார். அது வந்தது பக்கத்துப் போர்டில். சுகுணா அம்மா எழுந்து போய் எடுத்தார். என் டிக்கெட்டைத் திரும்பிப் பார்த்தார். அதிலிருந்த பி.பி.யைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும், அவர் கண்ணில் அது படாமல் போகாது. திருக்கோவிலூரிடம் அதே குரலில் சொன்னார்: “பார்ட்டி எங்கேஜ்டு. பி.பி. கால் முன்னால இருக்கு. வரிசைப்படி குடுக்கறோம்.” அவ்வளவுதான். மேசைக்குப் போய்விட்டார்.

எத்தனை நிமிடம் காத்திருந்தேன் என்று தெரியாது. மில் பக்கத்தில் கூட்டத்தின் இரைச்சல். அப்புறம் மூச்சு வாங்குகிற ஒரு குரல், போனைத் தலைகீழாகப் பிடித்திருக்க வேண்டும், எங்கேயோ தூரத்தில் கேட்டது. “யாரு?”

“அஞ்சலை பேசறீங்களா?”

“நான்தான். நான்தாம்மா.”

ஆஸ்பத்திரிப் பக்கம் கேட்டேன். “செல்வம்தானே?”

“ஆமாங்க.”

“பேசுங்க” என்று சொல்லிவிட்டு, சாவியை மேலே தள்ளினேன்.

கேட்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. கேட்கவில்லை. அது தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள பேச்சு. ஏற்கெனவே ஒரு தடவை அதிகமாகக் கேட்டு, அதிகமாகப் பேசிக் கெடுத்திருந்தேன். ஜன்னலில் ஏழுமலை நின்றிருந்தார். நான் அவரைப் பார்க்காமல் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மில்லின் தகடு விழுந்தது. மில்காரர்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அந்த டிரங்க் காலெல்லாம் கேன்சல் பண்ணிடும்மா.”

“எல்லாமேவா?”

“எல்லாந்தான். மொத போட்ட நம்பரை மட்டும் இன்னொரு தபா குடு. கெளம்ப வேணாம்னு சொல்லணும்.”

அந்த ஒரு காலை வரிசை பார்க்காமல் உடனே போட்டேன். கேன்சல் ஆன டிக்கெட் ஐந்தையும் சுகுணா அம்மாவின் மேசையில் வைத்தேன். பிறகு ஜன்னலுக்குப் போய், “ஏழுமலை, இப்ப ஒண்ணுமில்ல. உங்க அண்ணனைப் போய்ப் பாத்துட்டு வாங்க” என்றேன். அவர் மரத்தடியில் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சுகுணா அம்மா எனக்கு மெமோ கொடுத்தார். உள்ளூர்க் காலில் இல்லாத வகையில் டிக்கெட் எழுதியது ஒன்று, சந்தாதாரரிடம் சொந்தமாகப் பேசியது இரண்டு. மில்காரர் புகார் எதுவும் தரவில்லை. இவரே பார்த்து இவரே எழுதினார். “நீங்களே வரிசைப்படின்னு சொன்னீங்களேம்மா” என்றேன். “டிக்கெட் இருந்துது, சொன்னேன்” என்றார். “தப்பு இருக்குது, எழுதறேன். ரெண்டாவது தப்புக்குத்தான் மெமோன்னு வெச்சிக்கோ.” எனக்குக் கோபம் வந்தது. ஆனால் விளக்கத்தில் இரண்டையும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். கண்டனம் என்று என் சர்வீஸ் புத்தகத்தில் ஏறியது. ஓய்வு பெறும் வரைக்கும் அது அங்கேதான் இருந்தது, எனக்கு அதில் வெட்கமில்லை.

மறியல் ஓய்ந்து பஸ் ஓட ஆரம்பித்த பிறகு, அஞ்சலை எக்ஸ்சேஞ்சைத் தேடி வந்தாள். ஒடிசலான பெண், பையில் தேங்காய், பழம், புது வேட்டி. “என் பேரைச் சொல்லிக் கூப்புட்ட பொண்ணு யாரு?” என்று வாசலில் கேட்டுக்கொண்டே வந்தாள். அன்று போனில் பிள்ளை என்ன சொன்னான் என்று அவள் சொல்லித்தான் தெரியும். “எம்மா, நான் வெட்டன மரத்துல நானே வுழுந்துட்டம்மா. காத்தவராயன் மட்டும் வரலன்னா போயிருப்பேன். வெளிய சொல்லாத, மானம் போவுது” என்றானாம். இவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்து அதை அப்படியே உரக்கச் சொல்லிவிட்டாள். கம்பும் கடப்பாரையுமாக நின்ற கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டானாம். அதற்கு மேல் யார் கையிலும் கம்பு நிற்கவில்லை.

பையை என் மேசை மேல் வைத்தாள். “இதை அந்த வண்டிக்காரர்கிட்ட குடுத்துடும்மா. உன் ஆபீஸ்ல அவரு தம்பி கீறாரில்ல.”

“நீங்களே குடுக்கலாமே. ஒரே ஊருதான?”

“நான் எப்படிம்மா அங்க போறது?” என்றாள். அவள் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அந்தத் தெருவுக்குள் காலடி வைத்ததில்லை, அவ்வளவுதான்.

வாங்கி ஏழுமலையிடம் கொடுப்பது எனக்கு ஒரு நிமிட வேலை. “நான் குடுத்தா நான் குடுத்ததாப் போயிடும்மா. உங்க புள்ளையத் தூக்கினு வந்தவரு அவரு. நீங்க போங்க” என்று பையைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் முகம் வாடியது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாள். போவாள் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஏழுமலை ஊரிலிருந்து வந்தார். நான் போர்டில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னார்.

“அந்த அம்மா வந்துச்சி மேடம். பட்டப்பகல்ல, எங்க தெருவுக்கு. நாங்கெல்லாம் பயந்துட்டோம், மறுபடி இன்னா பிரச்சினையோன்னு. காத்தவராயன் வூடு எதுன்னு கேட்டுச்சி. எங்க அண்ணன் கையில வேட்டியக் குடுத்துச்சி. அப்புறம் போவாம நின்னுக்கினே இருந்துச்சி. தண்ணி குடுங்கன்னு கேட்டுச்சி. என் பொண்டாட்டிக்குக் கை ஒதறுது. சொம்புல மோந்து குடுத்தா. எல்லாரும் அண்ணாந்துதான குடிப்பாங்க? அந்த அம்மா ஒதடு வெச்சி குடிச்சிது மேடம். முழுச் சொம்பும்.”

சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டார். “அதுக்காவ எல்லாம் மாறிட்டதுன்னு நெனச்சிக்காதீங்க. டீக்கடையில எங்களுக்கு இன்னும் தனி கிளாஸ்தான். இதைச் சொல்லணும்னு தோணுச்சி, சொன்னேன்.” சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. போர்டில் மூன்று தகடு விழுந்து கிடந்தது, வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. சுகுணா அம்மா எழுந்து வந்தார். என் காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு, நின்றபடியே முதல் கார்டைச் செருகி, “நம்பர் ப்ளீஸ்” என்றார்.